ஜக் நிற்கும் நிலம்: வெருகல் வீதிகளில் லொறி தூக்குவது பற்றி

பெரும்போக அறுவடை முடிந்த ஒரு மாசி மாதப் பிற்பகல். ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து நெல் ஏற்றி வந்த கன்ரர் லொறி ஒன்று, பின்பக்க இடது சில்லுக்குக் காற்றுப் போய், வீதியோர மண்ணில் ஒதுங்கி நின்றது. சாரதி போத்தல் ஜக்கை அச்சின் கீழ் வைத்து அடிக்கத் தொடங்கினார். கைப்பிடி இலகுவாக ஏறி இறங்கியது. தண்டும் மேலே வந்தது. லொறி மட்டும் உயரவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஜக் மேலே வந்த அளவுக்குக் கீழே புதைந்துகொண்டிருந்தது. ஒருபக்கமாகப் புதைந்ததால் தண்டும் சரியத் தொடங்கியிருந்தது. உதவிக்கு வந்த பையன் சில்லுக்கும் மண்ணுக்கும் இடையே கையை விட்டு ஏதோ கல்லை எடுத்துக்கொண்டிருந்தான். “தம்பி, கையை எடு!” என்று சாரதி கத்தினார். அவன் எடுத்த மறுகணம் ஜக் சாய்ந்து விழுந்தது.

அன்று யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஜக்கிலும் ஒரு குறை இல்லை. பத்துத் தொன் தூக்கும் என்று அதன் உடம்பில் எழுதியிருந்தது, அது பொய்யுமல்ல. தூக்க முடியாமல் போனது நிலத்தால். லொறிக்கு எந்த ஜக் வாங்குவது என்று கேட்பவர்களிடம் கடைக்காரர் எத்தனை தொன் என்றுதான் திருப்பிக் கேட்பார். எந்த மண்ணில் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்பவர் அரிது. வெருகலில் வாழ்பவர்களுக்கு அந்த இரண்டாவது கேள்விதான் முதற் கேள்வி. பாரம், உயரம், நிலம், தாங்கல் என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஜக்கைத் தெரிவு செய்வதும் அதைக் கொண்டு உயிருக்கு ஆபத்தில்லாமல் வேலை செய்வதும் கைகூடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிலமும் வீதியும்

335 கிலோமீற்றர் ஓடும் மகாவலி கடலை நெருங்கும்போது கிளை பிரிகிறது. மூதூர்ப் பக்கமாகக் கொட்டியாரக் குடாவில் ஒரு கிளை கலக்க, மற்றது வெருகல் ஆறாகத் தெற்கே இறங்கித் திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களின் எல்லையாக ஓடிக் கடலைச் சேர்கிறது. ஆறு கொண்டுவந்து பரப்பிய வண்டலும், கடல் ஒதுக்கிய மணலும்தான் இப்பிரதேசத்தின் தரை. வயற்பக்கம் களி, கரையோரம் மணல். வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசியிலிருந்து தை வரை இரண்டும் ஈரம் குடித்துக் கிடக்கும். 2011 சனவரியில் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்த வெள்ளம் போன்ற ஒன்று வந்துபோனால், வீதியோரம் பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் உள்ளே பல நாள் இளகியே இருக்கும்.

ஏ15 எனப்படும் மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் ஒரு காலத்தில் ஆறுகளைக் கடக்கப் ‘பாதை’தான் இருந்தது. மிதவையில் லொறியை ஏற்றி அக்கரை சேர்க்கும் அந்தப் பாதைகளுக்குப் பதிலாகப் போருக்குப் பின் பாலங்கள் வந்தன. 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் அவற்றுள் மிக நீளமானது. பாலங்கள் வந்ததும் போக்குவரத்தின் பாரம் மாறியது. நெல், மணல், மீன், சீமெந்து, கோயில் திருவிழாவுக்கு வரும் அடியார்கள் என எல்லாம் இப்போது சில்லின் மேல்தான் போகின்றன. தார் போட்ட நடுவீதி உறுதியானது. ஆனால் காற்றுப் போன லொறி நடுவீதியில் நிற்க முடியாது. ஓரத்து மண்ணில்தான் ஒதுங்க வேண்டும். கராஜின் சீமெந்துத் தரைக்கென்று எழுதப்பட்ட அறிவுரைகள் இங்கே பாதிதான் பொருந்துவது அதனால்தான்.

கைப்பலம் தொன்னாவது எப்படி

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் பஸ்கால் கண்ட விதி. அதை வைத்து இங்கிலாந்தின் ஜோசப் பிரமா 1795இல் நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கையில் தூக்கிச் செல்லக்கூடிய வடிவத்துக்கு 1851இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ரிச்சர்ட் டஜன். இன்று லொறிச் சாரதியின் இருக்கைக்குக் கீழே கிடக்கும் போத்தல் ஜக் அந்த வழி வந்ததுதான்.

கணக்கு எளிது. அடிக்கும் சிறு பிஸ்டனின் விட்டம் 1 சென்ரிமீற்றர், தூக்கும் தண்டின் விட்டம் 4 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். பரப்பு 16 மடங்கு. கைப்பிடியின் நெம்பு 15 மடங்கு என்றால் மொத்தம் 240 மடங்கு. கையால் 20 கிலோ அழுத்தினால், உராய்வில் போவதை விட்டுவிட்டால், மேலே 4,800 கிலோ. கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்தவர்களுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் புதிதல்ல. பலம் கூடினால் தூரம் குறையும். தண்டு 1 சென்ரிமீற்றர் உயர, கைப்பிடியின் நுனி 240 சென்ரிமீற்றர் பயணிக்க வேண்டும். ஓர் அடிக்கு 40 சென்ரிமீற்றர் என்றால் ஆறு அடி. 15 சென்ரிமீற்றர் தூக்கத் தொண்ணூறு அடி.

இவ்வளவு பாரத்தையும் எது தாங்கி நிற்கிறது என்பதைத்தான் அடிப்பவர் மறக்கக் கூடாது. ஒரு ரப்பர் வளையமும், குண்டுமணி அளவிலான ஓர் உருக்குக் குண்டும்தான். எண்ணெய் திரும்பி ஓடாமல் தடுப்பது அந்தக் குண்டு. அதன் இருக்கையில் ஒரு மணற்துகள் சிக்கினால் போதும், எண்ணெய் கசிந்து லொறி மெல்ல இறங்கும். ரப்பர் கிழிந்தால் மெல்ல அல்ல, ஒரேயடியாக இறங்கும். மணலே வாழ்க்கையாக உள்ள ஓர் ஊரில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

எந்த வகை எங்கே உதவும்

போத்தல் ஜக் சிறியது, பாரம் கூடுதலாகத் தூக்கும், விலையும் கட்டுப்படியாகும். லொறிக்கு அதுவே முதல் தெரிவு. அதன் குறைகள் இரண்டு: அடிப்பகுதி சிறியது, மடங்கிய நிலையிலும் உயரமானது. படுக்க வைத்து அடித்தால் பெரும்பாலும் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கும்.

திருகு ஜக்கில் எண்ணெய் இல்லை, ரப்பர் இல்லை. புரியின் உராய்வே பாரத்தைப் பிடித்து நிற்கும். கசிந்து இறங்கும் பயம் கிடையாது. மெதுவாக வேலை செய்யும், கை வலிக்கும், புரி தேய்ந்தால் ஆபத்து. பழைய சாரதிகள் இதை இன்னும் விரும்புவதில் நியாயம் உண்டு.

கத்தரிக்கோல் ஜக் காருக்கென்று கொடுக்கப்படுவது. ‘பட்டா’ எனப்படும் சிறு லொறி வெறுமையாக இருந்தாலே அது மட்டுமட்டு. பாரம் ஏற்றியிருந்தால் கூடாது.

சில்லு வைத்த ட்ரொலி ஜக் கராஜில் மிக நல்லது. ஆனால் அதன் கை மேலே போகும்போது வளைவாகப் போகிறது. அதற்கு ஈடுகொடுக்க ஜக் முன்பின் உருள வேண்டும். மண்ணில் அந்தச் சிறு சில்லுகள் புதைந்து உருள மறுத்தால், தலைப்பகுதி வாகனத்தை இழுக்கும் அல்லது நழுவும். வீதியோரத்துக்கு இது ஏற்றதல்ல. காற்றுப்பை ஜக் மணலில் புதையாது. ஆனால் ஆடும், கூரிய கல்லுக்குக் கிழியும். சேற்றில் புதைந்த வாகனத்தை மீட்க உதவும். சில்லு மாற்ற நம்ப முடியாது.

எத்தனை தொன், எத்தனை உயரம்

ஜக்கில் எழுதியிருக்கும் தொன்னை முழு வாகனத்தின் எடையோடு ஒப்பிட வேண்டியதில்லை. ஒரு நேரத்தில் ஒரு மூலையைத்தான் தூக்குகிறோம். ஏற்றிய பாரத்தோடு அந்த அச்சில் எவ்வளவு எடை, அதில் பாதி எவ்வளவு என்று பார்த்து, வருவதை இரண்டால் பெருக்கிக்கொண்டால் போதிய பாதுகாப்பு இருக்கும்.

கன்ரர் லொறியில் 65 கிலோ மூட்டை ஐம்பது ஏற்றினால் நெல் மட்டும் 3,250 கிலோ. லொறியின் சொந்த எடையும் சேர, சுமார் 6 தொன். பின் அச்சில் 4 தொன், ஒரு பக்கத்துக்கு 2 தொன். இரண்டால் பெருக்கினால் 4. ஆகவே 5 அல்லது 6 தொன் ஜக் போதும், 10 தொன் தாராளம். மணல் டிப்பர் வேறு கதை. ஒரு கியூப் என்பது 100 கன அடி. காய்ந்த மணலே ஏறத்தாழ நாலரைத் தொன் வரும், ஆற்றிலிருந்து அள்ளிய ஈர மணல் அதைவிடக் கூடும். மொத்த எடை 16 தொன் வரும் டிப்பரின் பின் அச்சில் 10 தொன், ஒரு பக்கம் 5. இதற்கு 10 தொன்னுக்குக் குறைந்த ஜக்கை எடுக்கவே கூடாது; 20 தொன் வைத்திருப்பவர்கள் செய்வது சரி. பாரம் ஏற்றிய பட்டாவுக்கு 2 தொன் போத்தல் ஜக் போதும்.

தொன்னை விடப் பலரும் கவனிக்காமல் ஏமாறுவது உயரத்தில். 20 தொன் போத்தல் ஜக் மடங்கி நிற்கும்போதே ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர் இருக்கும். காற்றுப் போன சில்லில் அச்சு தாழ்ந்துவிடும். பின்னால் இரட்டைச் சில்லுள்ள லொறியில் பக்கத்துச் சில்லு தாங்கிக்கொள்வதால் தாழ்வு குறைவு. முன் சில்லிலும், சிறு சில்லுள்ள பட்டாவிலும் இடைவெளி மிகவும் குறையும். எனவே வாங்கப் போகுமுன் காற்றை முழுதாக இறக்கிவிட்டு, அச்சுக்கும் தரைக்கும் இடையே அளந்து பாருங்கள். அதில் 5 சென்ரிமீற்றரை அடிப்பலகைக்குக் கழியுங்கள். மிஞ்சும் உயரத்துக்குள் நுழையும் ஜக்தான் உங்கள் ஜக். மாற்றும் சில்லு முழுக் காற்றோடு இருக்கும் என்பதால், தூக்கும் உயரமும் அதற்கு எட்ட வேண்டும். வழியில் இடைவெளி போதாமற் போனால் காற்றுப் போன சில்லையே ஒரு தடித்த பலகைமேல் மெல்ல ஏற்றி நிறுத்தினால் சில விரற்கடை கிடைக்கும்.

அடிப்பலகை

தொடக்கத்தில் சொன்ன அந்த ஜக்குக்குத் திரும்புவோம். 10 தொன் போத்தல் ஜக்கின் அடி ஏறத்தாழ 150 சதுர சென்ரிமீற்றர். அதன்மேல் 2,000 கிலோ. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 13 கிலோவுக்கு மேல். ஈரக் களி மண் தாங்கக்கூடியது 1 கிலோவுக்கும் குறைவு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் இரு காலும் ஊன்றி நின்றால் விழும் அழுத்தம் ஐந்தில் ஒரு கிலோகூட இல்லை. அதற்கே வயலில் கால் புதைகிறது. ஜக் அதைப்போல எழுபது மடங்கு அழுத்துகிறது. புதையாமல் என்ன செய்யும்?

45 சென்ரிமீற்றர் நீள அகலமுள்ள பலகையை அதன் கீழ் வைத்தால் பரப்பு 2,025 சதுர சென்ரிமீற்றர். அழுத்தம் 13இலிருந்து 1 கிலோவுக்கு இறங்குகிறது. அதே லொறி, அதே ஜக், அதே மண். இடையே ஒரு மரத்துண்டு. டிப்பருக்கு 60 சென்ரிமீற்றர் பலகை வேண்டும். பாலை, முதிரை போன்ற வைரமான மரத்தில், ஒவ்வொன்றும் 5 சென்ரிமீற்றர் தடிப்பில் இரண்டு அடுக்காக, ஒன்றின் நார் மற்றதற்குக் குறுக்கே வருமாறு வைத்து ஆணி அறைந்தால் எந்தப் பக்கமும் பிளக்காது. ஊர்த் தச்சர் ஒரு காலைப் பொழுதில் செய்து தருவார். மேல் ஈரமண்ணை மண்வெட்டியால் வழித்து, உறுதியான தரை கண்டு, பலகை மட்டமாக இருக்கிறதா என்று மிதித்துப் பார்த்து, நடுவில் ஜக்கை வைக்க வேண்டும்.

சீமெந்துக் கல்லையும் செங்கல்லையும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது. மரம் பாரம் தாங்க முடியாதபோது முனகும், நசியும். நமக்கு விலக நேரம் தரும். கல் சொல்லாமல் வெடிக்கும்.

அசையாமல் நிறுத்துதல்

வாகனம் ஒரு விரற்கடை உருண்டாலும் ஜக் சாயும். ஹான்ட் பிரேக் போட்டுவிட்டேன், கியரிலும் விட்டிருக்கிறேன் என்று சாரதி சொல்வார். பல ஜப்பானிய லொறிகளில் ஹான்ட் பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டிக்குப் பின்னால் சுழல்தண்டைப் பிடிக்கிறது. பின் சில்லு ஒன்று தரையைவிட்டு எழும்பியதும் டிபரன்சியல் தன் வேலையைக் காட்டும். தண்டு பிடிபட்டிருந்தாலும், தொங்கும் சில்லு ஒரு பக்கம் சுழல, தரையிலிருக்கும் சில்லு எதிர்ப்பக்கம் உருளலாம். கியரில் விட்டாலும் இதே நிலைதான். தூக்கும் வரை அசையாமல் நின்ற லொறி, தூக்கியதும் நகர்வதன் மர்மம் இதுவே.

ஆகவே கட்டைதான் காவல். கோயில் தேர் எத்தனை பேர் வடம் பிடித்தாலும் முட்டுக்கட்டை போடுபவரின் கையில்தான் நிற்கிறது. லொறிக்கும் அப்படித்தான். தூக்காத அச்சின் இரண்டு சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் ஆப்பு வடிவக் கட்டையை இறுக்கிக் கொடுக்க வேண்டும். வீதியில் பொறுக்கிய உருண்டைக் கல் சில்லோடு சேர்ந்து தானும் உருளும். நான்கு நல்ல கட்டைகள் வாகனத்திலேயே இருக்கட்டும்.

தூக்குதலும் தாங்குதலும்

பின்பற்ற வேண்டிய ஒழுங்கு இது. லொறியை இயன்றவரை வீதியைவிட்டு ஒதுக்கி, மட்டமான இடத்தில் நிறுத்துங்கள். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, முன்னும் பின்னும் போதிய தூரத்தில் அடையாளம் வையுங்கள். குழை முறித்துப் போடும் நம் வழக்கம் பகலுக்குச் சரி, இரவில் ஒளி தெறிக்கும் முக்கோணம் வேண்டும். ஆட்களை இறக்குங்கள். இறக்கக்கூடிய பாரத்தை இறக்குங்கள். ஆனால் ஒரு பக்கம் காற்றுப் போய்ச் சரிந்து நிற்கும் டிப்பரின் பெட்டியை உயர்த்தி மணலைக் கொட்ட முயலாதீர்கள். அப்படியே கவிழும்.

சில்லின் நட்டுகளைத் தூக்குமுன்னரே அரைச்சுற்று இளக்கிவிட வேண்டும். ஜக்கில் நிற்கும் லொறியில் ஸ்பனரில் ஏறி மிதிப்பதுதான் அதைத் தள்ளி விழுத்தும் செயல். பல பழைய ஜப்பானிய லொறிகளில் இடது பக்கச் சில்லுகளின் புரி இடம்புரியானது. வழமைபோல் திருப்பினால் இளகுவதற்குப் பதில் இறுகும். போல்ட்டின் முனையில் எழுத்து அடையாளம் இருக்கும். துடைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஜக்கின் தலை அச்சில், வில் பட்டை பிணைக்கப்பட்ட இடத்துக்கு அண்மையில், சேறும் கிறீஸும் துடைத்த பரப்பில் பொருந்த வேண்டும். எண்ணெய்த் தொட்டியிலோ மெல்லிய தகட்டிலோ வைக்கக் கூடாது. சிறிது தூக்கி நிறுத்தி, ஜக் செங்குத்தாக இருக்கிறதா, பலகை ஒருபக்கம் புதைகிறதா என்று சுற்றிப் பாருங்கள். சரியில்லையென்றால் இறக்கித் திரும்ப வையுங்கள். சரியென்றால் தேவையான உயரம் மட்டும்.

அடுத்ததுதான் இங்கே மிக அதிகமாக விடுபடுவது. தூக்கிய உடனே தாங்கி கொடுக்க வேண்டும். ஜக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு வேறொன்று வேண்டும். அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு விதிகளும் பாரம் உயர்ந்ததும் உடனடியாகக் கட்டை அடுக்கியோ வேறு வழியிலோ அதை நிலைப்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. இரும்புத் தாங்கி இருந்தால் நல்லது. அதற்கும் அடிப்பலகை வேண்டும். இல்லையென்றால் சதுரக் கட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கே மாற்றி மாற்றி அச்சுவரை அடுக்கலாம். அடுக்கின் உயரம் அதன் அகலத்தின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. ஒன்றுமே இல்லாத வழியில், மாற்றுச் சில்லையாவது சேசிஸின் கீழே படுக்கப் போடுங்கள். காற்றுப் போன சில்லைக் கழற்றியதும் அதை அங்கே தள்ளிவிட்டு மாற்றுச் சில்லை எடுங்கள். லொறி விழுந்தாலும் மனிதனுக்கு இடம் மிஞ்சும். தாங்கி இல்லாத லொறியின் கீழ் தலையோ கையோ ஒரு நிமிடத்துக்கும் போகக் கூடாது.

நட்டுகளை எதிரெதிராக மாற்றி இறுக்கி, இறக்கிய பின் முழுப் பலத்தோடு இறுக்கி, மூதூரிலோ திருகோணமலையிலோ முதல் முறை நிறுத்தும்போது மறுபடி இறுக்கிப் பாருங்கள். தவறி யாராவது அகப்பட்டால் 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். ஆளைப் பிடித்து இழுக்குமுன் பாரத்தைத் தாங்கிக்கொண்டு தூக்க வேண்டும்.

பேணுதல்

தண்டை முழுதாக உள்ளே இறக்கி, நிமிர்த்தி, சாக்கில் சுற்றிக் கட்டி வையுங்கள். கரையோர உப்புக்காற்றில் வெளியே நிற்கும் தண்டு துருப்பிடிக்கும். துரு ரப்பரைக் கிழிக்கும். எண்ணெய் குறைந்தால் ஜக்குக்கான எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். பிரேக் எண்ணெய் அந்த ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். அடித்தாலும் தண்டு பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று; இறக்கும் வால்வைத் திறந்துவிட்டுச் சில முறை அடித்தால் வெளியேறும். கூடுதல் பாரத்தில் திறக்கும் வால்வை ‘சரிசெய்ய’ யாரையும் விடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, சிறுபோகத்துக்கும் பெரும்போகத்துக்கும் முன்னால், பாரம் தூக்கிப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். தானாக இறங்கும் ஜக்கைப் பழுது பார்க்கும்வரை வாகனத்தில் வைத்திருக்காதீர்கள். இருந்தால் அவசரத்தில் எடுக்கத்தான் தோன்றும். வாங்கும்போதும் தொன், மடங்கிய உயரம், தூக்கும் உயரம் மூன்றும் உடம்பில் பதிந்திருக்கும் ஜக்கையே வாங்குங்கள். பெயரும் அளவும் இல்லாத ஜக் எவ்வளவு மலிவானாலும் அதன் பாரத்தை யாரும் பொறுப்பேற்கவில்லை என்று பொருள்.

முடிவாக

ஜக்கோடு இரண்டு அடுக்குப் பலகை ஒன்று, முட்டுக்கட்டை நான்கு, தாங்கி ஒன்று. இவை சேர்ந்தால்தான் அது ஒரு முழு ஜக். சேர்த்து வாங்கினாலும் ஒரு புதிய டயரின் விலை வராது. பலகைக்கும் கட்டைக்கும் ஊர் மரமே போதும். லொறி உரிமையாளர்கள் இதைச் சாரதியின் தலையில் கட்டாமல் தாங்களே வாங்கிக் கொடுக்க வேண்டும். ஏனென்றால் கீழே படுப்பது பெரும்பாலும் சாரதிகூட அல்ல. பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்கு வந்த ஒரு பையன். தொழிற்பயிற்சி நிலையங்கள் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொடுக்கின்றன. ஈர மண்ணில் ஜக் வைக்கவும் ஒரு நாள் கற்றுக்கொடுக்கட்டும்.

அந்த மாசி மாதப் பிற்பகலில், பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் படியாகப் போட்டிருந்த பாலைப் பலகையைத் தூக்கிக் கொடுத்தார். அதை வைத்து அடித்தபோது முதல் பத்து அடியிலேயே லொறி எழும்பியது. வேலை முடிந்ததும் சாரதி பலகையைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். அதில் ஜக்கின் அடி பதிந்த சதுரத் தழும்பு இருந்தது. மண்ணில் விழுந்த குழிக்குள் கையே போகும். மரத்தில் விழுந்த தழும்பில் நகம்கூட நுழையவில்லை.